பலகையில் இல்லாத பத்தொன்பது நாள்

ஆளுநர் மாளிகையை ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கலாம் என்று அறிவித்த முதல் வாரமே, அந்த ஓய்வுபெற்ற நீதிபதி வரிசையில் நின்று சீட்டு வாங்கிவிட்டார். ஒரு காலத்தில் இதே வாசலில் அவருக்கு சல்யூட் அடித்தார்கள். இன்று ஒரு காவலர் அவருடைய தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, "தள்ளி நில்லுங்க பெரியவரே" என்று அதட்டினார். மனைவி போனபின் பேச்சுத்துணைக்கு ஆளில்லாத வீட்டிலிருந்து வருகிறவருக்கு அந்த அதட்டல்கூட ஆறுதலாகத்தான் இருந்தது.

நீளமான கூடத்துச் சுவரில் இதுவரை இருந்த ஆளுநர்களின் பெயர்ப்பலகை. "மந்திரிங்க முடிவு பண்றதுக்குத்தான் ஆளுநர் கையெழுத்துப் போடுவார். ஆனா அது இல்லாம எதுவும் செல்லாது," என்றாள் வழிகாட்டிப் பெண்.

நீதிபதி, தான் இங்கே பொறுப்பு வகித்த வருடத்தைத் தேடினார். அப்போதைய ஆளுநர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஒரு தூக்குக் கைதியின் கருணை மனு மேசைக்கு வந்ததும் அவருக்கு முதுகுவலியும் வந்துவிட்டது. விடுப்பில் போனார். தலைமை நீதிபதியாக இருந்த இவரைப் பத்தொன்பது நாள் பொறுப்பு ஆளுநராக உட்கார வைத்தார்கள். மனுவைத் தள்ளச் சொல்லி அமைச்சரவை எழுதியிருந்தது. மறுபடி யோசியுங்கள் என்று ஒருமுறை திருப்பி அனுப்ப வழி இருந்தது. அனுப்பவில்லை. அவரைப்போல் நான் கோழை இல்லை என்கிற வீம்பில் கடைசி நாள் மனுவைத் தள்ளிக் கையெழுத்துப் போட்டார்.

பலகையில் அந்தப் பத்தொன்பது நாள் இல்லை. முதுகுவலிக்காரரின் ஐந்து வருடமும் இடைவெளியே இல்லாமல் ஓடியது. பொறுப்பு ஆளுநர்களை எழுதுவதில்லையாம். அப்பாடா என்று மூச்சு விட வேண்டியவர் பலகையை மறுபடி மேலிருந்து தேடினார். தன் பாவத்தைக்கூட வேறொருவர் பெயரில் எழுதிவிட்டார்களே என்றிருந்தது.

"அம்மா, இந்த வருஷத்துல பத்தொன்பது நாள் நான்தான்மா ஆளுநரா இருந்தேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் நல்ல பெண், சிரிக்கவில்லை. "அப்படியா தாத்தா? அப்போ யாருக்காவது நல்லதா ஒரு கையெழுத்துப் போட்டீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு போட்டேன்."

"என்னது அது?"

அவர் வாயைத் திறப்பதற்குள், "தோட்டம் எந்தப் பக்கம்மா?" என்றது ஒரு குரல். அவள் திரும்பினாள். கூட்டமும் அவளோடு போய்விட்டது.

காலியான கூடத்தில் அவர் பலகையைப் பார்த்து, அந்தக் கைதியின் பெயரை முழுதாக, சத்தமாகச் சொன்னார். கதவருகே நின்ற ஊழியர், யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.