பின்னால் வருகிறவர்

இரண்டு மொழிகளுக்கு நடுவில் நின்று பிழைப்பவளுக்கு வாய் உண்டு, சொந்தப் பேச்சு கிடையாது. எதிரில் இருப்பவர் "எனக்குப் பசிக்கிறது" என்றால் இவளும் இங்கிலீஷில் "எனக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அடுத்தவர் பேச்சைத் தன் வாயில் போட்டுக்கொண்டு அவள் திருடியிருக்கிறாள், பிள்ளை பெற்றிருக்கிறாள், பெண்டாட்டியை விவாகரத்துகூடச் செய்திருக்கிறாள். வீட்டில் கொழுந்தன் வைத்த பட்டப்பெயர் துபாஷி. அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

அன்று துபாஷி ஒரு தையற்காரராக இருந்தாள்.

தெருவில் யாரோ புகார் கொடுத்திருந்தார்கள்: ஒரு வயசான ஆள் தினமும் ஒரு வயசான அம்மாவின் பின்னாலேயே போகிறான் என்று. விசாரித்தால் அவர்கள் புருஷன் பெண்டாட்டி. முதியோர் நல ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தம்மாவுக்கு மறதி நோய், புருஷன் முகமே நினைவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. இப்போது கேள்வி வேறு. தெருவில் அந்தம்மாவுக்குச் சரியான துணை இருக்கிறதா? இல்லையென்றால் அவரை ஒரு காப்பகத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதை முடிவு செய்யத்தான் தமிழ் தெரியாத அதிகாரி வந்திருந்தார். கெட்ட மனுஷி இல்லை. ஆனால் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார்.

ஜன்னலோரம் தையல் மெஷின். தரையெல்லாம் துணிக் கத்தரிப்பு. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் தையற்காரர் அதிகாரிக்குத் துடைத்துப் போட்டார்.

"வெளியே போகும்போது மனைவியோடு நீங்கள் போவது எப்படி?" என்று அதிகாரி இங்கிலீஷில் கேட்டதைத் துபாஷி தமிழில் கேட்டாள்.

"பின்னாடிதாம்மா போவேன். பக்கத்துல போனா பயந்துடுவா. யாரோ ஆம்பளை ஒட்டிக்கிட்டு வர்றான்னு ஒரு தடவை நடுரோட்டுல ஓடிட்டா."

துபாஷி சொல் தேடினாள். இங்கிலீஷ்காரன் இந்த ஒரு காரியத்துக்கு எத்தனை சொல் வைத்திருக்கிறான்! அக்கம்பனி என்றால் பக்கத்தில் போக வேண்டும். எஸ்கார்ட் என்றால் மந்திரி காருக்கு முன்னும் பின்னும் ஓடுகிற போலீஸ். டெயில் என்றால் துப்பறிகிறவன். ஸ்டாக் என்றால் பெண்கள் பின்னால் அலைகிற போக்கிரி. சேஸ் என்றால் துரத்துகிற நாய். ஒன்றும் இந்த மனிதருக்கு அளவெடுத்துத் தைத்ததாக இல்லை. கடைசியில் மனசில்லாமல் "ஃபாலோ" என்றாள்.

அதிகாரியின் முகம் இறுகியது. "பின்னால் போகிறவரால் என்ன செய்ய முடியும்? கார் வந்தால்?"

தையற்காரர் பதில் சொல்வதற்குள் உள்ளறையிலிருந்து அந்தம்மா வந்தார். செருப்பை மாட்டினார், வெறும் பையை எடுத்துக்கொண்டார், யாரையும் பாராமல் படியிறங்கினார்.

"பேச்சு அப்புறம்மா," என்று சொல்லிவிட்டுத் தையற்காரர் சட்டையில் ஒட்டிய நூலோடு கிளம்பினார். வேறு வழியில்லாமல் மற்ற இருவரும் பின்தொடர்ந்தார்கள்.

அந்தம்மா விறுவிறுவென்று நடந்தார். தெரு முனையில் பெரிய ரோடு. லாரி ஒன்று திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. அவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. அதிகாரி கத்தப்போனார். தையற்காரர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டு, தொண்டையை ஒரு தடவை கனைத்தார்.

அவ்வளவுதான். தூக்கிய காலை அந்தம்மா அப்படியே கீழே வைத்துவிட்டார். லாரி போனது. அதன் பின்னால் இரண்டு கார்கள் போயின. தையற்காரர் இரண்டு தடவை கனைத்தார். அந்தம்மா ரோட்டைத் தாண்டினார்.

அதிகாரிக்குத் திறந்த வாய் மூடவில்லை.

தையற்காரர் நடந்துகொண்டே சொன்னார். "வாய் நிறையக் குண்டூசி வச்சிருப்பேம்மா, பேச முடியாது. மெஷின்ல அவதான் உக்காந்திருப்பா. ஒரு தடவை கனைச்சா நிறுத்தணும், ரெண்டு தடவைன்னா ஓட்டணும். கல்யாணமான புதுசுலேர்ந்து அப்படித்தான். என் பேரு அவளுக்கு மறந்துபோச்சு, மூஞ்சி மறந்துபோச்சு. இது மட்டும் போகல."

'என் பெயர் மறந்துவிட்டது, என் முகம் மறந்துவிட்டது' என்று தன் வாயால் சொன்னபோது துபாஷிக்குக் குரல் உடைந்தது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு அப்படி ஆனதில்லை.

அதிகாரி அந்த ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இது பெரிய விஷயம்தான். ஆனால் யாரென்றே தெரியாத ஒருவர் தினமும் பின்னால் வருகிறார். உள்ளுக்குள் அந்தம்மா நடுங்கிக்கொண்டிருந்தால்? எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

நியாயமான கேள்வி. துபாஷி அதைத் தமிழில் சொன்னாள். தையற்காரர் தலைகுனிந்தார்.

அப்போது முன்னால் போன அந்தம்மா சட்டென்று திரும்பினார். "யாரு நீங்க ரெண்டு பேரும்? எதுக்கு என் பின்னாடி ஊர்வலம் வர்றீங்க?"

துபாஷி அதை மொழிபெயர்த்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, யாரும் சொல்லித்தராத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டாள். "இந்த ஐயாவும்தானேம்மா வர்றாரு? உங்களுக்குப் பயமா இல்லியா?"

அந்தம்மா தையற்காரரை ஏற இறங்கப் பார்த்தார். அது அறிமுகமில்லாதவரைப் பார்க்கும் பார்வைதான்.

"இவரா? இவர் எப்பவும் வர்றவராச்சே. இவர் வரலைன்னா நான் வெளியில கெளம்பவே மாட்டேன்."

அந்தம்மாவுக்குத் தெரியாமல்தான் அவர் பின்னால் வருகிறார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்களே, அந்த மனிதர் உட்பட! தையற்காரர் நடுரோட்டில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். துபாஷி ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் அந்தம்மா சொன்னதை இங்கிலீஷில் சொன்னாள். ஃபாலோவும் வேண்டியிருக்கவில்லை, அக்கம்பனியும் வேண்டியிருக்கவில்லை.

"காப்பகம் வேண்டாம்," என்றார் அதிகாரி. "நாம் இங்கேயே நின்றுவிடுவோம்."

அந்தம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. அழுகிற அந்த ஆளைப் பார்த்து, "நேரமாச்சு, வாங்க," என்று கூப்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார்.