சனிக்கிழமை அம்மா

பதினாலு மணி நேரப் பயணம். அதில் முதல் இரண்டு மணி நேரமும் என் மகள் அழவேயில்லை. எனக்கு அது ரொம்பப் பெருமையாக இருந்தது. நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

எங்கள் இருக்கைகள் விமானத்தின் பின்பக்கம், கழிப்பறைக்கு நாலு வரிசை முன்னால். ஜன்னலோரம் உட்கார வேண்டியவர் ஒரு லாரி டிரைவர். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஏறினதும் முதல் வேலையாக ஷூவைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினார். பிறகு குழந்தையைப் பார்த்து எழுந்துகொண்டார்.

"பாப்பா இந்தப் பக்கம் வரட்டும்மா. எனக்கு மேகத்தப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சு."

அப்படியாக அவள் ஜன்னலோரம், அவர் நடைபாதையோரம், நடுவில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான். அவளுக்கு ஐந்து வயது. ஒல்லிக்குச்சியாக இருப்பதால் அக்கா அவளுக்குக் குண்டூசி என்று பெயர் வைத்திருந்தாள். அக்கா வைத்தால் வைத்ததுதான். பள்ளிக்கூடத்து ஆயாகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. குண்டூசிக்குப் பதினோரு மாதம் இருக்கும்போது என் வீட்டுக்காரர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனார். எனக்கும் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம். தங்குவதற்கு மூன்று பேருக்கு ஒரு அறை. குழந்தையை அங்கே எங்கே வைத்துக்கொள்வது? "ஒரு வருஷம்தானே, எங்கிட்ட விட்டுட்டுப் போ" என்றாள் அக்கா. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வருஷம் நாலு வருஷமாக நீண்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் போவேன், ஞாயிறு மத்தியானம் கிளம்பிவிடுவேன். குழந்தை பேச ஆரம்பித்தபோது அக்காவைத்தான் அம்மா என்றது. என்னைச் சனிக்கிழமை அம்மா என்றது.

கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பிப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். யாரும் யாரையும் திருத்தவில்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்று ஆளாளுக்கு விட்டுவிட்டோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு.

விசா வந்த அன்றைக்கு ஏஜென்ட் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அப்பா கூட இல்லாம ஒரு லேடி குழந்தையக் கூட்டிட்டுப் போனா, அங்க கவுண்டர்ல குழந்தைகிட்டயே கேப்பாங்க, இது யாருன்னு. போன வருஷம் ஒரு குழந்தை ஆன்ட்டின்னு சொல்லிடுச்சு. ஒன்பது மணி நேரம் ஒரு ரூம்ல உக்கார வெச்சுட்டாங்க. அப்புறம் திருப்பி அனுப்பிட்டாங்க. பாத்து சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டுப் போங்க."

சொல்லிக்கொடுக்க எங்களுக்கு ஒரு மாதம் இருந்தது. நான் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தது என்னவோ அக்காதான். அவளுடைய வழி ரொம்பச் சுலபம். குண்டூசி அவளை அம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள். பெரியம்மா என்றால்தான் பதில்.

ஒரு நாள் குண்டூசி மிஷின் பக்கத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "அம்மா, ஒண்ணுக்கு வருது. அம்மா. அம்மா." கழிப்பறைத் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. அக்கா தலையைத் தூக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தாள். நான் ஓடி வருவதற்குள் குழந்தை நின்ற இடத்திலேயே நனைந்துவிட்டது. குனிந்து துடைக்கும்போதுதான் பார்த்தேன், மிஷினில் துணியே இல்லை. ஊசி வெறுமனே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் தாடையிலிருந்து கண்ணீர் சொட்டியது.

அன்றைக்கு எனக்கு அக்காமேல் பரிதாபம் வந்தது உண்மை. கூடவே உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. அதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் சொல்லி என்ன பிரயோஜனம்? இனி இவள் எனக்குத்தான் என்று நினைத்தேன்.

விமான நிலையத்தில் குண்டூசி அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறுவாள், பிய்த்து எடுக்க வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "டாட்டா பெரியம்மா" என்று கையாட்டிவிட்டு என்னோடு நடந்தாள். அக்காவும் சிரித்த முகமாகத்தான் நின்றாள். குழந்தை என்னிடம் ஒட்டிக்கொண்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

சாப்பாட்டுத் தட்டு வந்தது. கேக்கை மட்டும் சாப்பிட்டுவிட்டு அவள் ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். காதைக் கொடுத்துக் கேட்டேன். "இவங்கதான் என் அம்மா. இவங்கதான் என் அம்மா." இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தேன்.

"யாருடா தங்கம் உன் அம்மா?"

"நீதான்னு சொல்லணும்."

"சொல்லணுமா?"

"ஆமா. கவுண்டர் மாமா கேக்கும்போது தப்பில்லாம சொல்லணும். சொல்லிட்டா அம்மா வந்துடுவாங்க."

"எந்த அம்மா?"

என்னை ஒரு மக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அம்மாடா. அம்மா வேற ப்ளைட்ல வர்றாங்கல்ல? நான் கரெக்டா சொன்னாத்தான் அவங்களுக்குக் கதவு திறப்பாங்க. தப்பா சொன்னா திறக்க மாட்டாங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க. உங்கிட்ட சொல்லிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. போகும்போதும் குழந்தையை எனக்குக் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறாளே என்று அக்காவை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி முடித்து மூச்சு வாங்கினபோதுதான் உறைத்தது. அக்கா இந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் குழந்தை அந்த வாசலைத் தாண்டியிருக்குமா? எனக்கு ஒரு வழி பண்ணிக்கொடுப்பதற்காக அவள் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போதே உண்மையைச் சொல்லிவிடலாம். பெரியம்மா வரவில்லை, வரவும் முடியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் கவுண்டரில் நிற்கும்போது இவள் வாயிலிருந்து என்ன வரும்? நாலு வருஷமாக ஒற்றை ஆளாகக் கிடந்து எங்களுக்காக வீடு பார்த்து, கட்டில் வாங்கிப் போட்டிருக்கிற மனுஷன் வெளியே நின்றுகொண்டிருப்பார். நான் அவள் தட்டை எடுத்து என் தட்டின்மேல் அடுக்கிவைத்தேன்.

லாரி டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். குண்டூசி தூங்கினதும் மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"இறங்கினப்புறம் சொல்லிக்கலாம்மா. இப்ப சொன்னா இது போடுற சத்தத்துல ப்ளைட்டத் திருப்பிடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பொய்யில்லையாங்க அது?"

"பொய்தான். நானும் ஒவ்வொரு லீவு முடிஞ்சும் கடைக்குப் போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் வருவேன். என் பொண்ணு இப்ப பத்தாவது படிக்குது. நேத்து கிளம்புறப்ப பெட்டியத் தூக்கிட்டு வந்து ஆட்டோல வெச்சுது. வெச்சுட்டு, கடைக்குப் போய்ட்டு சீக்கிரம் வாங்கப்பா அப்படின்னுது."

அதோடு போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஜன்னல்களை மூடச் சொல்லி விளக்கையும் அணைத்தார்கள். வெளியே நல்ல பகல்தான். குண்டூசி என் மடியில் தலையும் லாரி டிரைவர் கொடுத்த தலையணையில் காலுமாகக் கிடந்தாள். என் தொடை மரத்துப்போனது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ குழந்தைகளின் கையைப் பிடித்து, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று சொல்லி ரத்தம் எடுத்திருக்கிறேன். இந்த நாலு வருஷத்தில் இத்தனை நேரம் ஒரே குழந்தையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததில்லை, என் சொந்தக் குழந்தை உட்பட.

தூக்கத்தில் அவள், "அம்மா" என்றாள்.

"என்னம்மா" என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை, ஒன்றுமில்லை. பள்ளியில் தப்பான பெயருக்கு எழுந்து நின்ற பிள்ளையிடம் சொல்வதுபோல மரியாதையாகச் சொன்னாள். "உன்னை இல்ல." சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.

வாயில் துப்பட்டாவை வைத்து அடைத்துக்கொண்டேன். பணிப்பெண் வந்து தோளைத் தொட்டு, தண்ணீர் வேண்டுமா என்று சைகையில் கேட்டாள். வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

இறங்கும்போது காது வலிக்கிறது என்று கொஞ்சம் அழுதாள். தரையைத் தொட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கவுண்டர் எங்க இருக்கு?" என்றாள். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். உட்கார மாட்டேன் என்றாள். தூக்கிக்கொள்ளவும் விடவில்லை. கவுனை இழுத்து நேராக்கிக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று மனசு அடித்துக்கொண்டது. எனக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள், பிறகு மூன்று பேர், பிறகு யாருமில்லை. நான் சொல்லவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். என்னைப் பார்த்தார். குனிந்து குண்டூசியைப் பார்த்து, என் பக்கம் விரலை நீட்டி, அவர் மொழியில் ஏதோ கேட்டார். அவள் குதிகாலை உயர்த்தி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இவங்கதான் என் அம்மா."

தெளிவாக, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் சொன்னாள். அவருக்கு அம்மா என்ற அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது போலிருக்கிறது. சிரித்தார். முத்திரை குத்தினார்.

பெட்டிகளை எடுக்கும்வரைக்கும் அவளுக்குப் பொறுக்கவில்லை. தானாகத் திறக்கிற கதவைத் தாண்டினதும் என் கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடினாள். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. கையில் அவளுக்காக ஒரு சிவப்புக் குளிர்கோட்டு. குனிந்து கையை விரித்தார். அவள் அவரைத் தாண்டி ஓடினாள். ஒவ்வொரு முகமாக அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி வந்தாள்.

"நான் மெதுவா சொல்லிட்டேனா?"

"இல்லடா. நல்லாத்தான் சொன்ன."

"அப்போ ஏன் திறக்கல?" கதவைப் பார்த்தபடி இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். "இவங்கதான் என் அம்மா." கதவு திறந்தது. தள்ளுவண்டியோடு யாரோ ஒரு குடும்பம் வந்தது. "இவங்கதான் என் அம்மா." மறுபடி திறந்தது. நாலு வருஷம் நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை. சொல்லும்போது ஒரு தடவைகூட அவள் என்னைப் பார்க்கவில்லை.

முட்டி போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். பெரியம்மா சும்மா சொன்னாங்கடா என்று சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. மிஷினில் துணியில்லாமல் மிதித்துக்கொண்டிருந்தவளை அந்த ஒரு வாக்கியத்தில் பொய்க்காரியாக்கிவிட எனக்கு மனசு வரவில்லை.

"அம்மா வர மாட்டாங்கடா. அவங்க வர்றேன்னுதான் சொன்னாங்க. கிளம்பி ரெடியாத்தான் இருந்தாங்க. நான்தான் அவங்களுக்கு டிக்கெட் எடுக்கல."

அக்காவை அம்மா என்று என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

குண்டூசி என்னை வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. என் கை படாத தூரத்துக்குப் பின்வாங்கினாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, போக வேறு இடமில்லாமல், என் வீட்டுக்காரரின் காலைக் கட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். நினைவு தெரிந்து அவரை அவள் நேரில் பார்ப்பதே இப்போதுதான்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சிவப்புக் கோட்டை அவள் முதுகில் போர்த்தித் தட்டிக்கொடுத்தார். என்னைப் பார்த்து முகமெல்லாம் பூரிப்பாகச் சொன்னார்.

"பாத்தியா, வந்த உடனே எங்கிட்ட ஒட்டிக்கிட்டா."