கோட்டின் வலது கை

"முதுகுப் பக்கம் நெடுகக் கிழிச்சிரு தாயி. அப்பதான் கை ஏறும்" என்றார் பெரியப்பா ஆவுடைநாயகம்.

வள்ளித்தாய் கத்தரிக்கோலைத் திறந்து கோட்டின் கழுத்து மடிப்பில் வைத்தாள். பெஞ்சில் கிடந்த தம்பி வீரபாகுவின் கைகள் விறைத்துப்போய் மடங்க மறுத்தன. அவளே தைத்த சிவப்பு வெல்வெட் கோட்டு. வலது கை நுனியில் கரண்டு தீய்த்த கறை, நாலணா அகலத்துக்கு.

"யக்கா, வெட்டிராதிய!"

வாசலில் நம்பிராஜன் நின்றான். அவனுக்குப் பின்னால் மசூதும், குட்டையாகப் புதியவன் ஒருவனும். தெருமுனையில் 'சாரல் பாய்ஸ்' என்று எழுதிய வேன்.

அந்தப் பாட்டுக் குழு பிறந்ததே இந்த வீட்டில்தான், அறுபத்திரண்டில். அவள் தையல் மிஷினை மிதிக்கிற தாளத்துக்கு வீரபாகு ஒரு மெட்டுப் போட்டான், செங்கோட்டையில் பழசாகக் கிடைத்த மரக் கித்தாரில். நம்பிராஜன் பிஸ்கட் டின்னைத் தட்டினான். ஆர்மோனியத்தோடு மசூது வந்து சேர்ந்தான். பிறகு கல்யாண வீடுகள் கூப்பிட்டன, ஐந்து பேரானார்கள், ஐந்து கோட்டும் அவள் தைத்ததுதான். போன வருஷம் கரண்டில் பாடும் கித்தார் வந்தது.

முந்தாநாள் குற்றாலத்தில் சீசன் கச்சேரி. சாரல் விழுந்ததும் வீரபாகு நிறுத்தப் பார்த்திருக்கிறான். முன்வரிசையில் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள், வாசி என்று சைகை காட்டியது நம்பிராஜன். நனைந்த கித்தாரில் கரண்டு பாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் மசூது அழுதுகொண்டே அவளிடம் சொன்னது இவ்வளவுதான்.

"நாளைக்கு சிவகிரியில கல்யாண வரவேற்பு யக்கா" என்றான் நம்பிராஜன். "இவன் சங்கரநாராயணன். இனிமே கித்தார் இவந்தான். இவன் மட்டும் கோட்டு இல்லாம நின்னா நல்லாருக்காதுல்லா."

"செத்தவன் கோட்டைப் போட்டுக்கிடுதியாலே?" பெரியப்பா புதியவனைக் கேட்டார். அவன் தன் காலைப் பார்த்தான்.

"கோட்டு குழுவோடது அண்ணாச்சி" என்றான் நம்பிராஜன்.

வள்ளித்தாய் கத்தரிக்கோலை மூடினாள்.

"தாரேன். தூக்குறப்போ அவன் மெட்டை வாசிங்க. தெருமுனை வரைக்கும் அவன் காதுல விழணும்."

"எழவுல வாசிச்சோம்னு தெரிஞ்சா வாசுதேவநல்லூர் வரைக்கும் ஒருத்தன் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டான் யக்கா. அஞ்சு குடும்பம் இதை நம்பி இருக்கு."

"நாலுலே."

நம்பிராஜன் பெஞ்சில் கிடந்தவனைப் பார்த்தான். "உள்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு வாசிக்கோம். ஒரே ஒரு தடவ" என்றான். மசூது வேனுக்குப் போய்க் கித்தாரை வேட்டிக்குள் சுற்றி எடுத்து வந்தான், யார் கண்ணிலும் படாமல்.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். வீரபாகு கோடி வேட்டியோடு போனான். கொட்டு முழங்கியது, பெண்கள் ஓலமிட்டார்கள். வள்ளித்தாய்க்கு மெட்டு கேட்கவில்லை. உள்ளே ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள்.

வாசித்துக்கொண்டுதான் இருந்தான் சங்கரநாராயணன். விரல்கள் கம்பிகளின் மேல் சரியாக ஓடின. சத்தத்தைப் பெருக்கும் பெட்டி வேனிலேயே இருந்தது. கரண்டு இல்லாத கித்தார், காதை ஒட்டி வைத்தால் மட்டும் கேட்கும்படி கீச்சிட்டது. அதையும் வாசல் கொட்டு விழுங்கியது. மசூது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

அவள் திரும்பி வாசலுக்கு வந்தபோது பாடை தெருமுனையைத் தாண்டியிருந்தது.

"வாசிச்சாச்சு யக்கா" என்றான் நம்பிராஜன்.

அவள் கோட்டை நீட்டினாள். சங்கரநாராயணன் போட்டுக்கொண்டான். கோட்டின் கைகள் பாதி உள்ளங்கை வரை தொங்கின.

"மூணு விரக்கடை நீளம்" என்றாள். "கழத்து."

வீடு கழுவத் தண்ணீரோடு வந்த பக்கத்து வீட்டு வடிவம்மாள் திகைத்து நின்றாள். "ஏட்டி, எழவு வீட்டுல மிஷின்ல உக்காருதியே!"

வள்ளித்தாய் முதலில் இடது கையை மடித்து ஊசி குத்தினாள். பிறகு வலது கை. கரண்டுக் கறை மடிப்புக்குள் போய்விட்டது.

மிதித்தாள். மிஷின் பழைய தாளத்தில் ஓடத் தொடங்கியது. கதவு நிலையில் சாய்ந்திருந்த நம்பிராஜனின் விரல்கள் தாமாகவே அதைப் பிடித்துக்கொண்டு மரத்தில் தட்டின.

அவள் காலை எடுத்தாள். சக்கரத்தைக் கையால் பிடித்து, ஒவ்வொரு தையலாக, சத்தம் வராமல் சுற்றினாள்.