நாற்பது நிமிட இறுக்கம்

மூட்டுவாத ஆய்வுக்காக ஆறு மாதமாய்ப் புது மருந்து சாப்பிடும் தையல்காரம்மாவின் படிவம் டாக்டரைப் பாடாய்ப் படுத்தியது. வீக்கம் வடிந்துவிட்டது, ரத்தப் பரிசோதனையும் சுத்தம். இருபத்தெட்டு மூட்டுகளையும் அழுத்திப் பார்த்தாயிற்று, ஒன்றிலும் வலியில்லை. காலையில் விரல் மடங்காத நேரம் மட்டும் முதல் நாள் போலவே நாற்பது நிமிடம்.

"கடிகாரம் பாத்துத்தான் சொல்றீங்களாம்மா?"

"கடிகாரம் எதுக்கு டாக்டர்? இவர் பாத்திரம் கழுவி முடிக்கிற வரைக்கும் மடங்காது."

பக்கத்தில் இருந்த கணவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாளைக்கு ஒரு நாள் அவர் கழுவாம இருக்கட்டும், பாப்போம்" என்றார்.

"வேண்டாம் டாக்டர்" என்று கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார் தையல்காரம்மா. "இப்பத்தான் அவருக்குக் கை பழகிட்டு வருது."