கத்திரிச் சத்தம்

மகுடேஸ்வரனுக்குக் குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளமே. அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருபது வருஷமாகக் குவாலிட்டி மேனேஜர். ஒரு டீஷர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும், ஊசி ஓட்டையோ எண்ணெய்க் கறையோ எங்கே இருந்தாலும் விரல் தானாக அங்கே போய் நிற்கும். உடனே அந்த இடத்தில் ஒரு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். அதனால் கம்பெனியில் அவருக்கு 'அம்பு' என்றே பட்டப்பெயர். மனுஷனுக்கு அதில் கோபம் இல்லை, உள்ளூரப் பெருமைதான்.

வீட்டுக்குப் போனாலாவது சும்மா இருப்பாரா என்றால் அதுவும் கிடையாது. மாடி அறை முழுக்கப் பழைய இசைத்தட்டுகள். எல்லாம் சின்னத் தட்டுகள், பக்கத்துக்கு ஒரு பாட்டு, எண்பதுகளில் பாட்டுக் குழுக்கள் சொந்தமாகப் போட்ட டிஸ்கோ ஆட்டப் பாட்டுகள். பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி நானூறுக்கு மேல் சேர்த்துவிட்டார். தட்டைக் கழுவி, ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, கீறலும் தூசியும் போடுகிற 'டிக்', 'பட்' சத்தங்களை ஒவ்வொன்றாக அழித்து யூடியூபில் போடுவார். "அந்தத் தட்டத் தொடைக்கறதுல பாதியாச்சும் அந்த மேசையத் தொடைச்சா என்னங்க?" என்பாள் மனைவி கீதாஞ்சலி. அது அவர் காதில் விழாது. காதில் ஹெட்போன் இருக்கும்.

போன மாசி மாதம் ஒரு டீ டைமில், செக்கிங்கில் வேலை பார்க்கும் நிர்மலா அவரிடம் வந்து நின்றார். ஐம்பத்தெட்டு வயது. பதினெட்டு வயதில் கையில் சின்னக் கத்திரியோடு நூல் பிசிறு வெட்ட வந்தவர், நாற்பது வருஷமாக இதே பனியன்காட்டில்தான் பிழைப்பு. மஞ்சப்பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினார்.

"சார், இது எங்கண்ணன் போட்ட பாட்டுங்க. எங்கூட்டுப் பரண்ல கெடந்துச்சு. இந்த ஒண்ணுதானுங்க மிச்சம், அண்ணங்கிட்டக் கூட இல்லீங்க. இதுல நானும் இருக்கறனுங்க."

லேபிளில் 'சகாயம் பாய்ஸ், ஷிப்ட் முடிஞ்சா டிஸ்கோ, 1984' என்று இருந்தது. மகுடேஸ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு தட்டு இருப்பதாக எந்தப் பட்டியலிலும் அவர் பார்த்ததில்லை.

"கோரஸ் பாடுனீங்களாக்கா?"

"இல்லீங்க சார், நான் வந்து..."

அதற்குள் அவர் போன் அடித்தது. ஷிப்மென்ட் விஷயம். தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேசியபடியே போய்விட்டார். அந்த அம்மா சொல்ல வந்த மீதியை அன்றைக்கும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் நின்று கேட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

தட்டு பரண் வெக்கையில் லேசாக நெளிந்திருந்தது. ஆனாலும் ஓடியது. பாட்டைக் கேட்டதும் மனுஷன் சொக்கிப் போனார். கிடார் துள்ளியது, டிரம்ஸ் உதைத்தது, சகாயராஜ் என்ற அந்த அண்ணன்காரர் அப்படி ஒரு உற்சாகமாகப் பாடினார். ஒரே தொந்தரவு, பாட்டு முழுக்க டிக் டிக்கென்று ஒரு சத்தம். ஒரே சீராக டிக் கேட்டால் தட்டின் குறுக்கே கீறல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இது அவருக்கு மனப்பாடம். திரையில் ஒவ்வொரு டிக்கும் ஊசி மாதிரி நெட்டுக்குத்தாகத் தெரிந்தது. இருநூற்றுச் சொச்சம். ஒரு வாரம் உட்கார்ந்து அத்தனையையும் அழித்தார். நடுவில் ஆட்டத்துக்கான இசை வரும் இடத்தில் நாலு டிக் இல்லாமல் இருந்தது. கீறல் என்றால் நடுவில் எப்படி நிற்கும் என்று அந்தப் பெரிய நிபுணருக்குத் தோன்றவே இல்லை. நாலு டிக் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டார்.

வேலை முடிந்ததும் முதல் பதிவை அழித்துவிடுவது அவர் வழக்கம். ரிஜக்ட் பீஸை எவனாவது பத்திரப்படுத்தி வைப்பானா என்று கேட்பார். அன்றைக்கும் அழித்தார். அதோடு விட்டாரா? தட்டைப் புதுசு மாதிரி நிமிர்த்தித் திருப்பித் தர வேண்டும் என்று ஆசை. கம்பெனியில் டீஷர்ட் கழுத்தில் லேபிள் ஒட்டுகிற ஹீட் பிரஸ் இருக்கிறதே, அதில் சூட்டைக் குறைத்துத் தட்டை வைத்து அமுக்கினார். தட்டு நிமிர்ந்தது. கூடவே பாட்டுப் பதிந்திருந்த சின்னச் சின்னப் பள்ளங்களும் உருகி வழவழவென்று ஆகிவிட்டன. ஊசி வைத்தால் 'ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல், அவ்வளவுதான். பாட்டுத்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, தட்டை உறையில் போட்டு மூடிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டைப் போட்டார். செக்கிங் பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். ஒடிசாவிலிருந்து வந்திருந்த பையன்கள் விசில் அடித்தார்கள். நிர்மலா மட்டும் டிபன் டப்பாவைத் திறக்காமல் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"கத்திரி எங்கீங்க சார்?"

"எந்தக் கத்திரிங்க்கா?"

"டிக் டிக்னு கத்திரிச் சத்தம் வருமுங்களே. அதுதானுங்க நானு."

மகுடேஸ்வரன் முகத்தில் ஈயாடவில்லை. வாயில் போட்ட சோறு அப்படியே நின்றது.

நிர்மலா சொல்லிக்கொண்டே போனார். கோயமுத்தூர் ஸ்டுடியோவுக்குத் தாளம் போட வர வேண்டிய ஆள் ஒருத்தன் கடைசி நேரத்தில் வரவில்லையாம். கையில கத்திரி இருக்குதல்ல, அதுலயே தாளத்துக்கு வெட்டு புள்ள என்றாராம் அண்ணன். "நடுவுல ஆட்டம் வர்ற எடத்துல நான் தாளத்தத் தப்ப விட்டுட்டனாமுங்க. மறுக்கா எடுக்க நேரமில்லைன்னு அப்படியே போட்டுட்டாங்க. பாட்டு ஓடலை. உன்னாலதான் கெட்டுச்சுன்னு ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் எல்லார்த்து முன்னாலயும் சொல்லிச் சிரிப்பாருங்க. நெசமாலுமே விட்டனான்னு ஒருக்காக் கேட்டுப்போடலாம்னுதானுங்க கொண்டாந்தேன்."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்பு தப்புப் பண்ணிவிட்டார் என்று இந்தப் பிள்ளைகள் சிரிப்பார்களே என்ற நினைப்பு முந்திக்கொண்டது.

"அது தனியா இருக்குதுங்க்கா. நாளைக்கு ஊட்டுக்கே கொண்டாறேன்" என்றார். பொய் எவ்வளவு சுளுவாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரைக் குடைந்து பார்த்தார். அழித்தது அழித்ததுதான். பிறகு அவர் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும் அவருக்கு. கம்பெனியிலிருந்து எடுத்து வந்த ஒரு பிசிறு வெட்டும் கத்திரியை மைக்குக்கு முன்னால் பிடித்துத் தானே வெட்டினார். அந்தச் சத்தத்தைப் பாட்டின் தாளத்துக்குச் சரியாக, ஒரு முடி பிசகாமல், வரிசையாக ஒட்டினார். குறையே இல்லாத வேலை.

ஞாயிற்றுக்கிழமை நிர்மலா சர்ச்சுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மோர் கொடுத்தார். மகுடேஸ்வரன் போனில் பாட்டைப் போட்டார்.

கத்திரிச் சத்தம் வந்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். மடியில் இருந்த விரல்கள் இல்லாத கத்திரியால் வெட்டின. ஆட்ட இசை நெருங்கியதும் விரல்கள் நின்றன. அடி வாங்கப் போகிறவர் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டார். கத்திரி நிற்கவில்லை. டிக் டிக்கென்று அழகாகப் போய்க்கொண்டே இருந்தது.

நிர்மலா கண்ணைத் திறந்தார். "சார், அந்த எடத்த மறுக்கா வைங்க."

வைத்தார். இன்னொரு தடவையும் வைக்கச் சொன்னார்.

"நான் விடவே இல்லீங்களே சார்! ஒண்ணு கூட விடலீங்களே!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அந்த அம்மாவுக்கு. "நாப்பது வருசமுங்க. கிறிஸ்துமஸ் அன்னைக்கிச் சோறு தொண்டையில எறங்காதுங்க சார்."

மகுடேஸ்வரனுக்கு மோர் கசந்தது. நாலு டிக் இல்லாமல் இருந்தது அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. நிர்மலா அதற்குள் காங்கேயத்தில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டார்.

"அண்ணா, பேசாம இதக் கேளு."

பாட்டு ஓடியது. அந்தப் பக்கம் எழுபது வயது சகாயராஜ் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டார். ஆட்ட இசை முடிந்தது.

"அட ஆமா. நீ விடலையே கண்ணு" என்றது கிழக்குரல். "நாந்தான் பொல்லாதவனாட்ட இத்தன வருசமாச் சொல்லிட்டு இருந்தனா? ஏசப்பா. அண்ணன மன்னிச்சுக்க சாமி."

சும்மா இருந்துவிடு, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றது மகுடேஸ்வரனின் மனசு. அப்படி ஒரு மனசு தனக்குள் இருக்கிறதே என்பதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. செய்யாத தப்புக்கு ஒரு கிழவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"அக்கா, அது உங்க கை இல்லீங்க. என்ர கை."

எல்லாவற்றையும் சொன்னார். கீறல் என்று நினைத்தது, அழித்தது, ஹீட் பிரஸ், நேற்று வெட்டி ஒட்டியது. சொல்லச் சொல்லக் குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. நிர்மலா கையை நீட்டி அண்ணனின் போனைத் துண்டித்தார்.

"அப்ப நெசமாலுமே நான் விட்டனுங்களா?"

"விட்டீங்க்கா. நாலு வெட்டு. கேட்டேன்."

"அது இப்ப எங்கயுமே இல்லீங்களா?"

"இல்லீங்க்கா."

பையிலிருந்து தட்டை எடுத்து நீட்டினார். நிர்மலா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், டீஷர்ட்டைப் பார்ப்பது போலவே. பிறகு விரலால் ஒரு முறை தடவினார். வழவழவென்று இருந்தது. திட்டுவார் என்று மகுடேஸ்வரன் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"லேபிள்ல எம்பேரு இல்லீங்க சார்" என்றார் நிர்மலா. "அந்தத் தப்பு ஒண்ணுதானுங்க என்னோடதா இருந்துச்சு."

தட்டை உறைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். மகுடேஸ்வரன் மீதி மோரைக் குடிக்கவும் முடியாமல், வைத்துவிட்டு எழவும் முடியாமல், டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.