சூட்டர் துரையின் பெயர்

சித்தேரிச் சாலைக்கு நாங்கள் ஜல்லி உடைத்த வருஷம் அறுபத்தெட்டு. ஒரு மத்தியானம் என் மனைவி கண்ணம்மாள் வெயிலில் சுருண்டு விழுந்தாள். எங்கள் பானையில் தண்ணீர் தீர்ந்திருந்தது. பக்கத்துக் கிணறு பண்ணைக்காரர் அர்ச்சுனனுடையது. எங்கள் சாதிக்கு அதில் தண்ணீர் கிடையாது.

ஓவர்சியர் சூட்டர் துரை, வெள்ளைக்கார வம்சத்தில் வந்த சட்டைக்காரர், எங்களுக்காகக் கேட்கப் போனார். நான் கண்ணம்மாளைத் தூக்கிவந்து வாசலுக்கு வெளியே கிடத்திவிட்டு நின்றேன். பண்ணைக்காரர் அவருக்கு மட்டும் பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். துரை வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்தார்.

"மிச்சத்த அந்தம்மாவுக்குத் தரட்டுங்களா?"

"அவுங்க செருப்புத் தைக்கிற ஆளுங்க, தொரை. நீங்க ராஜா வம்சம்."

"எங்க பாட்டன் ஸ்காட்லாந்துங்க. அங்க சூட்டர்னா செருப்புத் தைக்கிறவன். தொழிலே வம்சத்துக்குப் பேராயிருச்சு."

"வெளையாடாதீங்க."

"நெசந்தாங்க. இங்கிலாந்துலயும் அந்தப் பேருல இருக்காங்க. அவுங்க முன்னோருங்களும் தோல் தைச்சவங்கதான்."

பண்ணைக்காரரின் முகம் கறுத்தது. அவருடைய ஆட்கள் இருவர் எழுந்து நின்றார்கள். பின்னால் கண்ணம்மாள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

"வாய் வச்ச சொம்பு இனி எங்க வூட்டுக்கு ஆவாது. எடுத்துக்கிட்டுப் போயிருங்க" என்றார் பண்ணைக்காரர்.

துரை சொம்போடு ஓடிவந்தார். நான் கண்ணம்மாளின் தலையைத் தூக்கிப் பிடித்தேன். அவள் சொம்பு காலியாகும்வரை குடித்தாள்.