மீனோடு வைக்காதீங்க

குன்னத்துகாலில் லேகா ஆன்லைனில் காய்கறி விற்றாள். பாறசாலையில் ஜித்தின் பொழியூர் மீன் விற்றான். இரு கடைக்கும் ஒரே வண்டி ஓட்டலாம் என்று பேசி முடித்தார்கள். அதற்கு இரண்டு கணினிகளும் ஒரே வடிவத்தில் ஆர்டர்களை மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த வடிவம் என்பதில்தான் இழுபறி.

"பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் வச்சிருக்கது இதாக்கும். பேரு, விலாசம், போன், சாமான், எடை. அஞ்சே கட்டம்" என்றான் ஜித்தின்.

"குறிப்பு எழுத இடம் இல்லியே?"

"லேகாக்கா, ஆர்டருக்கு எதுக்குக் கடுதாசி?"

ஒரு நாள் ஓட்டிப் பார்ப்போம் என்று லேகா சம்மதித்தாள்.

மறுநாள் காலை வண்டி புறப்பட்ட பிறகுதான் ஓட்டுநருக்குப் போன பட்டியலைப் பார்த்தாள். வாடிக்கையாளர் எழுதிய குறிப்புகளில் ஒன்றுகூட அதில் இல்லை. ஏழாவது வரியில் பிரேமகுமாரியின் பெயர். பிரேமகுமாரியின் ஆறு வயது மகள் ஆதிராவுக்கு மீன் ஆகாது. மீன்தண்ணீர் பட்ட எதைத் தின்றாலும் உதடு தடித்து மூச்சு முட்டும். 'மீனோடு வைக்காதீங்க' என்று ஒவ்வொரு முறையும் தாய் எழுதுவாள். இன்று கேட்டிருந்தது, குழந்தை பச்சையாகக் கடிக்கும் வெள்ளரி.

ஓட்டுநரும் பிரேமகுமாரியும் போனை எடுக்கவில்லை. லேகா ஸ்கூட்டரை எடுத்தாள். வழியெல்லாம் தேவியம்மனை வேண்டிக்கொண்டே போனாள்.

பிரேமகுமாரியின் வாசலில் வண்டி நின்றது. ஓட்டுநர் ராஜதாஸ் குழாயடியில் சோப்புப் போட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார். காய்கறிப் பை முன்சீட்டில், தனியாக, துணி சுற்றி இருந்தது.

"அண்ணே, குறிப்பு வரல்லியே. எப்படித் தெரிஞ்சு?"

"போன மாசம் அடுத்த வீட்டுக்கு மீன் கொண்டு வந்தேன் மக்கா. இந்த அம்மை படாருண்ணு கதவ அடைச்சா. நமக்க மீனுக்கு இவ்வளவுதான் மரியாதையாண்ணு கேட்டேன். அப்பம் காரியம் சொன்னா."

லேகா அங்கேயே நின்று ஜித்தினைப் போனில் அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

"நாளைக்கு ராஜதாஸ் அண்ணனுக்குக் காச்சல் வந்தா, வேற ஆளுல்லா ஓட்டுவாரு" என்றான் அவன். "குறிப்புக்கு இடம் உள்ள வடிவம் ஒண்ணு உண்டு. கொஞ்சம் பெருசு. அதையே எடுப்போம். அந்தக் கட்டம் நிறையாம ஆர்டர் நகரப்பிடாது."

"கடுதாசியா?"

"கடுதாசிதான், அக்கா."

ஒருவர் மனதில் இருந்த அக்கறை இனி யார் ஓட்டினாலும் வண்டியில் ஏறும். ராஜதாஸ் ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் பிரேமகுமாரியிடம் பையை நீட்டினார். அவள் வெள்ளரியைக் கழுவிக்கொண்டு வருவதற்குள், உள்ளேயிருந்து ஆதிரா அவசரப்படுத்தினாள்.